புல்லட் 350 வார்ப்பிரும்பு எந்திரத்தில் பழுது கண்டறிதல்

புல்லட் 350 வார்ப்பிரும்பு எந்திரத்தில் பழுது கண்டறிதல் என்பது, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட புல்லட் விசையுந்தின் பழைய வகை எந்திரம் கிளம்ப மறுத்தல், இழுவை குறைதல், நடுவழியில் நின்றுவிடுதல், அளவுக்கு மீறிச் சூடாதல் முதலிய குறைபாடுகளைக் காட்டும்போது அவற்றின் காரணத்தை முறையாகத் தேடி அறியும் வழிமுறை ஆகும். இவ்வகை எந்திரத்தில் கணினிக் கட்டுப்பாடோ உணரிகளோ இல்லை. எனவே பழுதின் காரணத்தைச் சில எளிய கருவிகளைக் கொண்டும், கண், காது, கை ஆகியவற்றைக் கொண்டும் அறிய முடியும்.

ஒரே அறிகுறி பல காரணங்களால் தோன்றக்கூடும் என்பதே இதிலுள்ள முதன்மைச் சிக்கல் ஆகும். காரணத்தை அறியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் பொருட்செலவு ஏற்படுவதுடன், மீண்டும் கிடைக்காத பழைய பாகங்களும் இழக்கப்படுகின்றன. ஆகவே குறிப்பிட்ட வரிசையில் சோதிப்பதும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து விளைவைக் காண்பதும் இம்முறையின் அடிப்படை விதிகளாகும்.

வரலாற்றுப் பின்னணி

புல்லட் என்னும் பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்பீல்டு நிறுவனத்தால் 1930களின் தொடக்கத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. பின்சக்கரத்துக்கு ஊசல் கை வகைத் தொங்கல் அமைப்பைக் கொண்ட 350 சிசி புல்லட் 1949ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. இந்தியப் படையின் தேவைக்காக இவ்வண்டிகள் இறக்குமதி செய்யப்பட்டன. அதனைத் தொடர்ந்து 1955ஆம் ஆண்டு ரெட்டிச் நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்குப் பொருத்தப்பட்டன. பின்னர் பாகங்கள் அனைத்தும் படிப்படியாகத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டன.

ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. ஆயினும் இந்தியாவில் அதே வடிவமைப்பு பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. 1994இல் என்பீல்டு இந்தியா ஐஷர் குழுமத்துடன் இணைந்தது. 2000களின் இறுதியில் எந்திரமும் பல்சக்கரப் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய வகை எந்திரம் வந்தபோது வார்ப்பிரும்பு எந்திரத்தின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் ஒரே அடிப்படை வடிவம் நீடித்ததால், 1960களின் வண்டிக்கு 1990களின் பாகம் பல இடங்களில் பொருந்துகிறது. இது வசதியே ஆனாலும், ஒரே வண்டியில் பல காலத்துப் பாகங்களும் தரம் குறைந்த போலிப் பாகங்களும் கலந்திருக்க இதுவே காரணம் ஆகிறது. பழுது தேடும்போது இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

எந்திரத்தின் அமைப்பு

இது காற்றால் குளிரும் ஒற்றை உருளை, நான்கு வீச்சு எந்திரம் ஆகும். உருளையின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். இதன் ஆற்றல் சுமார் 18 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு எந்திரம் என்று அழைக்கப்பட்டாலும் உருளை மட்டுமே வார்ப்பிரும்பால் ஆனது. உருளைத் தலையும் பிஸ்டனும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். எனவே எந்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் பிஸ்டன் உருளையை விட விரைவில் பெருத்து இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பழுது கண்டறிவதில் பயன்படும் சில தனி உறுப்புகள் இவ்வண்டியில் உள்ளன. அவையாவன:

• அம்மீட்டர்: முன்விளக்குக் கூட்டின் மேல் அமைந்துள்ள மின்னோட்டமானி. இது மின்கலம் மின்னேற்றம் பெறுகிறதா, இழக்கிறதா என்பதைக் காட்டும்.
• டீகம்ப்ரசர்: உருளைக்குள் உள்ள அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு. இதன் நெம்புகோல் கைப்பிடியில் இருக்கும்.
• காண்டாக்ட் பிரேக்கர்: வழக்கில் பாயிண்ட் எனப்படுவது. எந்திரத்தின் பாதி வேகத்தில் சுழலும் தண்டினால் திறந்து மூடப்படும் மின்தொடுகை.
• டேப்பட் மூடி: உருளையின் வலப்பக்கத்தில் அடியில் உள்ள மூடி. வால்வு இடைவெளி இதனைத் திறந்தே சரிசெய்யப்படுகிறது.

சோதனையின் வரிசை

எந்தப் பெட்ரோல் எந்திரமும் ஓடுவதற்கு நான்கு தேவைகள் உண்டு. அவை போதிய அமுக்கம், வலுவான தீப்பொறி, தீப்பொறி தோன்றும் சரியான நேரம், சரியான அளவில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை என்பன. சோதனையும் இதே வரிசையில் நிகழ வேண்டும். வால்வு முழுமையாக மூடாத எந்திரத்தில் கார்புரேட்டரை எவ்வளவு திருத்தினாலும் பயன் விளையாது. பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் தீப்பொறியின் நேரமும் மாறிவிடும். எனவே இடைவெளியை முதலிலும் நேரத்தை அதன் பின்னரும் அமைக்க வேண்டும். கார்புரேட்டரைத் தொடுவது கடைசிப் படியாகும். நடைமுறையில் பலர் முதலில் கார்புரேட்டரையே கழற்றுகின்றனர். இதனால் சரியாக இருந்த அமைப்பும் கலைந்து, ஒரு பழுது இரண்டாகிவிடுகிறது.

திருகுகள் குறித்தும் கவனம் தேவை. பழைய புல்லட்டின் பல திருகுகள் பிரித்தானியத் தர அளவில் அமைந்தவை. மெட்ரிக் அளவுச் சாவிகளால் அவற்றைத் திருப்பினால் மரையின் முனைகள் மழுங்கிவிடும்.

அமுக்கச் சோதனை

எந்திரம் குளிர்ந்த நிலையில், டீகம்ப்ரசரைப் பயன்படுத்தாமல் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் வலுவான தடை தோன்ற வேண்டும். உடல் எடையைக் கிக்கரின் மேல் வைத்தாலும் அது உடனே கீழிறங்காமல் சிறிது நேரம் தாங்கி நிற்பது நல்ல அறிகுறி. தடையின்றிக் கிக்கர் இறங்கினால் எந்திரத்தை உடனே பிரிக்கக் கூடாது. கிக்கரின் விசை கிளட்ச் வழியாகவே எந்திரத்தைச் சென்றடைகிறது. ஆகவே கிளட்ச் வழுக்கினாலும் இதே உணர்வு ஏற்படும். முதலில் கிளட்ச் கம்பியின் தளர்வைப் பார்க்க வேண்டும்.

அடுத்து டீகம்ப்ரசர் கம்பியைச் சோதிக்க வேண்டும். கம்பி அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அதன் வால்வு சற்றே திறந்த நிலையில் இருந்து அமுக்கத்தை ஓயாமல் கசியவிடும். ஒரு திருகைத் தளர்த்துவதால் தீரும் இக்குறை, எந்திரத்தின் மேற்பகுதி முழுவதையும் பிரிக்கும் வேலைக்குக் காரணமாவது உண்டு.

மேற்கண்டவை சரியாக இருந்தும் அமுக்கம் குறைவாக இருந்தால், கசிவின் ஓசை இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சைலன்சரில் சீறல் கேட்டால் வெளியேற்று வால்வும், கார்புரேட்டரில் கேட்டால் உள்ளிழு வால்வும், அச்சறையின் மூச்சுக்குழாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்களும் ஐயத்துக்குரியவை. இதனை உறுதி செய்ய, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எந்திர எண்ணெயை ஊற்றி மீண்டும் சோதிக்கலாம். அமுக்கம் கூடினால் வளையங்கள் தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். மாற்றம் ஏதும் இல்லையெனில் வால்வு அல்லது உருளைத் தலைக் காஸ்கெட்டில் கசிவு இருக்கலாம்.

வால்வு இடைவெளி

வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளான புஷ்ராடுகள் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. இவற்றின் இடைவெளி எந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, அமுக்க வீச்சில் பிஸ்டன் மேல் முனையில் நிற்கும் நிலையில் அமைக்கப்பட வேண்டும். புஷ்ராடு விரல்களால் எளிதில் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அதாவது இடைவெளி சுழியம் ஆகும்.

இடைவெளி மிகுந்தால் தட்டும் ஓசை கேட்கும். ஓசை எரிச்சலூட்டினாலும் உடனடித் தீங்கு குறைவு. இடைவெளி இன்றி இறுகினால் ஓசை இராது. எந்திரம் அமைதியாக ஓடுவதாகத் தோன்றும். ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராததால் வெப்பத்தை இழக்க வழியின்றி அதன் விளிம்பு கருகிவிடும். ஆகவே ஓசையை நிறுத்துவதற்காக டேப்பட்டை இறுக்குவது தவறான பழக்கம் ஆகும்.

தீப்பொறிச் சோதனை

மின்கலமும் காயிலும் கொண்ட வண்டிகளில் அம்மீட்டரே முதல் சோதனைக் கருவி. சாவியைத் திறந்து, விளக்குகளை அணைத்து, டீகம்ப்ரசரை அழுத்தியபடி கிக்கரை மெதுவாக நகர்த்தும்போது, பாயிண்ட் மூடியிருக்கும் வேளையில் முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். இவ்வசைவைக் கொண்டு கீழ்க்காணும் முடிவுகளுக்கு வரலாம்:

• முள் இருபுறமும் சரியாக அசைந்தால் முதன்மைச் சுற்றில் மின்சாரம் செல்கிறது.
• முள் அசையவே இல்லையெனில் மின்கலம், உருகி, சாவி, கம்பி இணைப்பு, அழுக்கேறிய பாயிண்ட் ஆகியவற்றில் ஒன்று காரணம்.
• முள் சாய்ந்தே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் கம்பி எங்கோ உலோகக் கூட்டைத் தொடுகிறது.

பாயிண்டின் அதிகபட்ச இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதன் முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தாலோ, ஓடும்போது அங்கு மிகுதியான பொறி பறந்தாலோ கண்டன்சர் பழுதடைந்திருக்கலாம். கண்டன்சர் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக இயங்கி, சூடானதும் செயலிழப்பது பொதுவாகக் காணப்படும் குறையாகும்.

பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடலை உருளைத் தலையின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்தால் நீல நிறப் பொறி தோன்ற வேண்டும். பிளக் துளையிலிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடும் என்பதால் பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மேலும் காற்றின் அழுத்தம் கூடும்போது அதனூடே பொறி தாவ மிகுதியான மின்னழுத்தம் தேவைப்படும். வெளியே பளிச்சென்று தோன்றும் பொறி உருளைக்குள் தோன்றாமல் போகலாம். வெளியில் பொறி வருவதால் மட்டும் தீப்பற்றல் அமைப்பு சரியாக உள்ளது என்று முடிவு செய்ய இயலாது.

தீப்பொறியின் நேரம்

பிஸ்டன் மேல் முனையை அடைவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி தோன்ற வேண்டும். கலவை எரிந்து முழு அழுத்தத்தை அடையச் சிறிது காலம் தேவைப்படுவதே இதற்குக் காரணம். கிளப்பும்போது பிஸ்டன் மேல் முனைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளபோது பாயிண்ட் திறக்கும். வேகம் கூடும்போது சுழலும் எடைகள் விலகி நேரத்தைத் தாமாகவே முன்னுக்கு நகர்த்தும்.

பாயிண்ட் திறக்கும் கணத்தை அறிய மெல்லிய தாளை அதன் முகங்களுக்கிடையே வைத்து இலேசாக இழுத்தபடி எந்திரத்தைச் சுழற்றலாம். தாள் விடுபடும் கணமே பொறி தோன்றும் கணம் ஆகும்.

பாயிண்டின் குதிப்பகுதி நாளடைவில் தேய்வதால் இடைவெளி குறைந்து நேரம் பிந்திவிடும். நேரம் பிந்தினால் இழுவை குறையும், வெளியேற்றுக் குழாய் மிகுதியாகச் சூடாகும், சைலன்சரில் வெடிப்பொலி கேட்கும். நேரம் முந்தினால் ஏற்றத்தில் எந்திரத்துக்குள் தட்டல் ஒலி கேட்கும், கிளப்பும்போது கிக்கர் திருப்பி உதைக்கும். இத்திருப்பு உதை கணுக்காலையும் முழங்காலையும் காயப்படுத்தக்கூடியது. சுழலும் எடைகளின் விற்சுருள் தளர்ந்தோ, துருப்பிடித்தோ அவை விரிந்த நிலையிலேயே நின்றுவிடுவது இதற்கு ஒரு காரணம். திருப்பி உதைக்கும் வண்டியைத் தொடர்ந்து உதைத்துப் பார்க்காமல் முதலில் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

காற்று–எரிபொருள் கலவை

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் சுமார் 14.7 பங்கு காற்று தேவைப்படும். காற்றின் பங்கு இதனிலும் மிகுந்தால் அது மெலிந்த கலவை எனவும், எரிபொருளின் பங்கு மிகுந்தால் செறிந்த கலவை எனவும் அழைக்கப்படுகிறது. செறிந்த கலவை எரிபொருளை வீணாக்கிக் கரியைப் படியச் செய்யும். மெலிந்த கலவை எந்திரத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கிப் பிஸ்டனை இறுகச் செய்யும். எனவே இரண்டில் மெலிந்த கலவையே மிகுந்த தீங்குடையது.

பிந்தைய கால வண்டிகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட மிக்கார்ப் விஎம் 24 வகைக் கார்புரேட்டரில், முடுக்கியின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு பகுதி பொறுப்பேற்கிறது. கைப்பிடியில் கால், அரை, முக்கால் திருப்பங்களைக் குறித்துக்கொண்டு ஓட்டினால், குறை எந்நிலையில் தோன்றுகிறது என்பதைக் கொண்டு பொறுப்பான பகுதியை அறியலாம்.

• மூடிய நிலை முதல் கால் திருப்பம் வரை: பைலட் ஜெட், காற்றுத் திருகு, வழுக்கியின் வெட்டு. காற்றுத் திருகை உள்நோக்கித் திருப்பினால் கலவை செறிவடையும்.
• கால் முதல் முக்கால் வரை: ஊசியும் ஊசி ஜெட்டும். ஊசியை உயர்த்தினால் கலவை செறிவடையும்.
• முக்கால் முதல் முழுத் திருப்பம் வரை: முதன்மை ஜெட்.

ஜெட்டை மாற்றுவதற்கு முன் காற்றுக் கசிவைச் சோதிக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் உருளைத் தலைக்கும் இடையிலுள்ள இணைப்பு வெடித்திருந்தால் அளவில் அடங்காத காற்று உள்ளே நுழையும். எந்திரம் நின்று ஓடும்போது அவ்விணைப்பின் மேல் சிறிதளவு தண்ணீரைத் தெளித்தால், கசிவு இருப்பின் எந்திரத்தின் ஓட்டம் மாறும். பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

பிளக்கின் நிறம்

பிளக்கின் நுனி எரிதலின் தன்மையைக் காட்டும். இளம் பழுப்பு நிறம் சரியான எரிதலைக் குறிக்கும். உலர்ந்த கரி செறிந்த கலவையையும், எண்ணெய்ப் பசையுள்ள கரி எண்ணெய் உருளைக்குள் நுழைவதையும், வெளிறிய வெண்மை மெலிந்த கலவையையோ மிகுந்த வெப்பத்தையோ குறிக்கும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை முடிவுக்கு வந்தது. ஈயமற்ற பெட்ரோலில் நிறம் முன்போல் அழுத்தமாகப் படிவதில்லை. ஆகையால் பழைய கையேடுகளில் உள்ள நிற விளக்கங்களை மட்டும் நம்புதல் தகாது. வெகுநேரம் நின்ற இடத்தில் ஓடிய எந்திரத்தின் பிளக்கும் கருத்தே காணப்படும். சில கிலோமீட்டர் ஓட்டிய பின்னரே நிறத்தைப் பார்க்க வேண்டும்.

மசகெண்ணெயும் புகையும்

இவ்வெந்திரத்தில் எண்ணெய்த் தொட்டி அச்சறைக் கூட்டுடன் இணைந்தே வார்க்கப்பட்டுள்ளது. வண்டி பல வாரங்கள் ஓடாமல் நின்றால் எண்ணெய் தொட்டியிலிருந்து மெல்லக் கசிந்து அச்சறைக்குள் சேரும். பின்னர் கிளப்பும்போது அடர்ந்த புகை வெளிவரும். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பியதும் புகை நின்றுவிட்டால் வளையங்கள் தேய்ந்துவிட்டன எனக் கருத வேண்டியதில்லை. அச்சமயத்தில் தொட்டியின் அளவு குறைவாகத் தெரிவதைக் கண்டு எண்ணெய் ஊற்றுவதும் தவறு. எந்திரம் சிறிது நேரம் ஓடிய பின்னரே அளவைப் பார்க்க வேண்டும்.

முடுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் வளையங்களும், இறக்கத்தில் முடுக்கியை மூடி இறங்கிய பின் மீண்டும் திறக்கும்போது மட்டும் வந்தால் வால்வு வழிகாட்டிகளும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. கரும்புகை செறிந்த கலவையின் அறிகுறி.

வெப்பமும் உயரமும்

காற்றால் குளிரும் எந்திரம் சுற்றுப்புறத்தின் தாக்கத்துக்கு எளிதில் உள்ளாகும். தமிழ்நாட்டின் வடபகுதியில் வேலூர், ஆற்காடு, கலவை, ஆம்பூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய முன்னாள் வட ஆற்காடு மாவட்டப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கு மே மாதத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். இவ்வெப்பத்தில் நெரிசலான சாலையில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது உருளையின் துடுப்புகளுக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. சற்றே மெலிந்த கலவையும், சற்றே பிந்திய நேரமும் குளிர்காலத்தில் வெளித்தெரியாமல் இருந்து, கோடையில் எந்திரத்தை நிறுத்திவிடும்.

இதே பகுதியிலுள்ள ஏலகிரி மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைவு. கார்புரேட்டர் தரும் எரிபொருள் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆதலால் கலவை செறிவடைந்து இழுவை குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் இவ்வேறுபாடு இரு மடங்காகும். மலையில் இழுவை குறைந்தது எனக் கருதிச் சிறிய ஜெட்டைப் பொருத்தியவர், அதே ஜெட்டுடன் சமவெளியின் வெயிலுக்கு இறங்கினால் கலவை மெலிந்து பிஸ்டன் இறுக நேரிடும். சிறிது நேரப் பயணத்துக்காக ஜெட்டை மாற்றாதிருப்பதே பாதுகாப்பானது.

ஓடும்போது எந்திரம் காரணமின்றி வேகம் குறைந்து இறுகுவது போலத் தோன்றினால் உடனே கிளட்சைப் பிடிக்க வேண்டும். இல்லையெனில் பிஸ்டன் பிடித்துக்கொண்டதும் பின்சக்கரமும் நின்று வண்டி சறுக்கிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023ஆம் ஆண்டு தொடங்கி, 2025க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனாலில் ஆக்சிசன் அடங்கியுள்ளதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். தூய பெட்ரோலுக்கு 14.7 ஆக உள்ள காற்றின் பங்கு, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 ஆகக் குறைகிறது. எனவே பழைய ஜெட்டுகள் மாற்றப்படாத எந்திரத்தில் கலவை முன்பைவிட மெலிந்ததாகவே இருக்கும். முன்னர் சரியாக ஓடிய வண்டி கிளம்பத் தயங்குவதற்கும் மிகுதியாகச் சூடாவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை உடையது. வண்டி நெடுநாள் நின்றால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். பழைய இரப்பர்க் குழாய்களும் வளையங்களும் ஊறி மென்மையாகும் அல்லது வெடிக்கும். நெடுநாள் நிறுத்தும் வண்டியில் கார்புரேட்டர்க் கிண்ணத்தை வடித்துவிடுவதும், இரப்பர்ப் பாகங்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும் பயன் தரும்.

எந்திரத்துக்கு வெளியேயுள்ள காரணங்கள்

இழுவைக் குறைவு அனைத்தும் எந்திரத்தின் குறை அன்று. உரசிக்கொண்டிருக்கும் பிரேக், காற்றுக் குறைந்த சக்கரம், அளவுக்கு மீறி இறுகிய சங்கிலி, வழுக்கும் கிளட்ச், கரியால் அடைபட்ட சைலன்சர், தூசி நிறைந்த காற்று வடிகட்டி ஆகியனவும் அதே உணர்வைத் தரும். நடுநிலையில் வண்டியைக் கையால் தள்ளிப் பார்ப்பதும், சிறிது தூரம் ஓட்டிய பின் சக்கர அச்சறைகளைத் தொட்டுப் பார்ப்பதும் எளிய சோதனைகள். முடுக்கும்போது எந்திரத்தின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயரவில்லையெனில் கிளட்ச் வழுக்குகிறது.

எடுத்துக்காட்டு: பத்து கிலோமீட்டரில் நிற்கும் வண்டி

குளிர்ந்த நிலையில் எளிதில் கிளம்பி, பத்து கிலோமீட்டர் சென்றதும் நின்று, அரை மணி நேரம் கழித்து மீண்டும் கிளம்பும் வண்டி, பழுது கண்டறிதலின் கடினமான எடுத்துக்காட்டாகும். பணிமனையை அடைவதற்குள் எந்திரம் குளிர்ந்துவிடுவதால் அங்கு எக்குறையும் தென்படாது. ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறும் முன் பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

1. பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டு, சற்று நேரத்தில் வண்டியும் கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது. தொட்டிக்குள் வெற்றிடம் தோன்றிப் பெட்ரோல் இறங்காமல் நின்றதே காரணம்.
2. கிளம்பவில்லையெனில் கிக்கரால் அமுக்கத்தை உணர வேண்டும். குளிர்ந்தபோது இருந்த தடை இப்போது இல்லையெனில் வால்வு இடைவெளி இறுகியுள்ளது.
3. அமுக்கம் இருந்தால் அம்மீட்டரின் முள்ளையும், பின்னர் பிளக்கின் பொறியையும் பார்க்க வேண்டும். முள் அசைந்தும் பொறி நலிந்திருந்தால் காயில் அல்லது கண்டன்சர் வெப்பத்தால் செயலிழக்கிறது. சூடான பிளக்கைத் தொடுமுன் கைக்குத் துணி தேவை.
4. பொறி வலுவாக இருந்தால் எரிபொருள் குழாயைக் கழற்றி, ஒரு கலத்தில் பெட்ரோல் தடையின்றி வடிகிறதா எனப் பார்க்க வேண்டும். எந்திரத்தின் சூடான பகுதிகளில் பெட்ரோல் சிந்தாதவாறு இதனைச் செய்தல் இன்றியமையாதது.

இந்நான்கு சோதனைகளுக்கும் சில நிமிடங்களே போதும். இவற்றைச் செய்யாமல் புதிய கார்புரேட்டர், புதிய காயில், புதிய பிஸ்டன் என வரிசையாக மாற்றிய பின்னரும், அடைபட்ட மூடித் துளை அப்படியே இருக்கும்.

முதன்மை வடிவத்தைப் பேணுதல்

2021ஆம் ஆண்டு இந்திய அரசு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் முதன்மை வடிவத்திலேயே பேணப்பட்டிருந்தால் அவற்றைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்யலாம். சட்டகம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது இதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. திருவொற்றியூரில் தொடக்கக் காலத்தில் தயாரான புல்லட்டுகள் இவ்வயதைக் கடந்துவிட்டன.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் இவ்வண்டிகளுக்கான பாகங்கள் கிடைத்தாலும், முதன்மைத் தரத்தில் உள்ளவற்றைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடாமல் குறிப்பெழுதி வைத்திருப்பது நல்லது. செய்த மாற்றங்களை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் பதிவதும் அடுத்த பழுதை விரைவில் கண்டறிய உதவும்.

உருளையைக் கடைந்து பெரிதாக்குதல் இவற்றுள் மிகவும் கவனத்துக்குரியது. ஒவ்வொரு முறை கடையும்போதும் உருளையின் சுவர் மெலிகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடைய இயலாது. கடைந்தெடுத்த இரும்பை மீண்டும் சேர்க்கவும் இயலாது. டீகம்ப்ரசர் கம்பியின் இறுக்கத்தையோ, அச்சறையில் தேங்கிய எண்ணெயையோ வளையத் தேய்மானம் எனத் தவறாகக் கணித்துக் கடையப்பட்ட உருளை, தன் ஆயுளில் ஒரு பகுதியைத் தேவையின்றி இழக்கிறது. அமுக்கச் சோதனையையும் எண்ணெய்ச் சோதனையையும் முடித்து, உருளையின் உள்விட்டத்தை அளந்து தேய்மானத்தை உறுதி செய்த பின்னரே கடைசலுக்கு அனுப்ப வேண்டும்.